சாவியை அமுக்கினால் எஞ்சினே திரும்பிச் சுற்றும் கார்

1955 முதல் 1964 வரை ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் தயாரான மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர்200-க்கு மூன்றே சக்கரம்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. வடிவமைத்தவர் ஃபிரிட்ஸ் ஃபெண்ட். ஓட்டுநருக்கு நேர் பின்னால் பயணி, தலைக்கு மேல் விமானத்தில் இருப்பது போன்ற ஒளி புகும் கூண்டு. எல்லோரும் கூண்டைத்தான் பார்க்கிறார்கள். அதைவிட அருமையான வேலை எஞ்சினில் இருக்கிறது.

இந்த வண்டியில் ரிவர்ஸ் கியரே கிடையாது. எஞ்சினை அணைத்து, சாவியை இன்னும் உள்ளே அமுக்கித் திருப்பினால் எஞ்சின் எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கும். முன்னோக்கிப் போகும் நான்கு கியரும் அப்போது பின்னோக்கிப் போகும்.

கொங்குப் பக்கம் தோட்டத்தில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு த்ரீ பேஸில் இரண்டு வயரை மாற்றினால் மோட்டார் திரும்பிச் சுற்றுவது தெரியும். கேஆர்200-இல் ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒன்றேயான டைனாஸ்டார்ட் இருக்கிறது. அது டிசி, அதாவது ஒரே திசை மின்சாரத்தில் ஓடுவது; அங்கே வழி வேறு. ஆர்மேச்சர் (சுற்றும் சுருள்), ஃபீல்டு (நிலையாக நிற்கும் காந்தச் சுருள்) இரண்டில் ஒன்றுக்கு மட்டும் மின்சாரத்தைத் திருப்பிவிட வேண்டும். இரண்டையும் திருப்பினால் பழைய பக்கமே சுற்றும். கோவை வைண்டிங் பட்டறைகளில் இது அன்றாடப் பாடம்.

ஸ்டார்ட்டர் சுற்றினால் போதுமா? 191 சிசி சாக்ஸ் எஞ்சின் டூ ஸ்ட்ரோக். வால்வு இல்லை, பிஸ்டனே ஏறி இறங்கி, சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட்டுகள் எனும் துளைகளைத் திறந்து மூடுகிறது. எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்தக் கணக்கு மாறாது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இது நடக்காது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் திரும்பிச் சுற்றினால் வால்வுகளின் வரிசையே தலைகீழாகிவிடும்.

ஸ்பார்க்தான் சிக்கல். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பு அது விழ வேண்டும். ஸ்பார்க் விழும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிபி பாயிண்ட் ஒன்றை மட்டும் வைத்துத் திருப்பிச் சுற்றினால் நேரம் அடியோடு தப்பும். அதனால் இரண்டு பாயிண்ட் செட், சுற்றும் பக்கத்துக்கு ஒன்று. பாயிண்ட் திறக்கும்போது முனைகளுக்கு நடுவே இடைவெளி 0.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். பாயிண்ட்டின் குதிகால் (கேமில் உரசும் பகுதி) தேய்ந்தால் இடைவெளி குறைந்து ஸ்பார்க் தாமதமாகும். இழுவை போய், எஞ்சின் சூடேறும். முன்னால் நன்றாக ஓடி, ரிவர்ஸில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டியில் முதலில் இரண்டாவது செட்டைக் கழற்றிப் பாருங்கள். அதிகம் வேலை செய்யாததால் அதன் முனைகளில் ஆக்சைடு படிந்திருக்கலாம்.



பேட்டரி இறங்கியிருக்கும்போது கவனம் தேவை. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால், முன்கூட்டி விழும் ஸ்பார்க் பிஸ்டனைத் திருப்பி உதைத்துவிடும். ரிவர்ஸுக்கு அடித்த எஞ்சின் முன்பக்கமாகவே ஓட ஆரம்பிக்கலாம். சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. முன்னால் சுவர் இருந்தால் கிளட்ச்சை மயிரிழை விட்டு, வண்டி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்த பிறகே ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டும்.