ஓடாத படகுக்கும் எண்ணெய் மாற்றியாக வேண்டும்

பினாங்கில் சொந்தமாக மோட்டார் படகு வைத்திருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் தூண்டில் பிரியர்கள். கடல் இடம் கொடுக்கும் வார இறுதிகளில் பத்து மாவுங்கிலிருந்தோ தெலுக் கும்பாரிலிருந்தோ புறப்பட்டு, ஜெரெஜாக் தீவைச் சுற்றியோ கெண்டித் தீவுப் பக்கமோ சில மணி நேரம் மீன் பிடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள். படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் அவர்களுடைய அவுட்போர்டு எஞ்சின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். பட்டறைக்கு வரும் எஞ்சின்களில் ஓடி ஓடித் தேய்ந்தவை குறைவு. நின்ற இடத்திலேயே கெட்டவைதான் கூடுதல். அதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், உரிமையாளர் தாமே தடுத்திருக்கக்கூடியது ஒன்று உண்டு. இங்கு எல்லாரும் மிஞாக் ஹித்தாம் என்று சொல்லும் எஞ்சின் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாமல் விடுவதே அது.

எண்ணெயைத் தனியே தேக்கிவைத்து ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளின் கையேடுகள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் சொல்கின்றன. புதிய எஞ்சினுக்கு முதல் 20 மணி நேரம் ஓடியதும் எண்ணெய் மாற்ற வேண்டும். அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது ஆண்டுக்கு ஒரு முறை, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். நூறு என்ற எண் மனத்தில் பதிகிற அளவுக்கு அதற்கு அடுத்து வரும் சொற்கள் பதிவதில்லை. ஆண்டுக்கு நாற்பது மணி நேரம் படகு ஓட்டுகிறவர், இன்னும் இரண்டரை ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று எண்ணிக்கொள்கிறார். கடலில் நாள்தோறும் ஓடும் படகைவிட அவருடைய படகுக்கே ஆபத்து அதிகம்.

ஏன் என்று விளக்க வேண்டும். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் ஒரு சிறு பங்கு, எரியாத பெட்ரோலோடு சேர்ந்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்க்குள் இறங்குகிறது. கார் எஞ்சினில், குளிர்விக்கும் நீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் திறப்பதால் எண்ணெய் நன்கு சூடேறி, இந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடுகின்றன. அவுட்போர்டை அந்த அளவுக்குச் சூடாக விட இயலாது. அது கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதால், வெப்பம் மிகுந்தால் நீரிலுள்ள உப்புகள் வழித்தடங்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே அதன் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 50, 60 டிகிரியிலேயே திறந்துவிடுகிறது. அதன் மேல் நாம் இழுவைத் தூண்டில் போட்டு மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டும்போது எஞ்சின் சூடேறவே வாய்ப்பில்லை. உள்ளே இறங்கிய ஈரமும் பெட்ரோலும் அங்கேயே தங்குகின்றன. எரிபொருளின் கழிவுகளோடு ஈரம் சேர்ந்து அமிலத்தன்மை உண்டாகிறது. பிறகு தென்மேற்குப் பருவக்காற்றும் ஆண்டிறுதி மழையும் வந்து படகு தார்ப்பாய்க்குள் முடங்கும்போது, அந்த எண்ணெய்தான் சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங்குகளையும் உருளைச் சுவர்களையும் நனைத்தபடி மாதக்கணக்கில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்றுவது என்றால், மீண்டும் கடலுக்குப் போகும் நாளில் மாற்றுவதைவிடப் படகை ஓய்வில் விடுமுன் மாற்றுவது நல்லது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 60 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்திய தம் படகை இழுத்துக்கொண்டு வந்தார். அளவுக்கம்பியை உருவி என்னிடம் காட்டி, "தம்பி, வாங்கினதிலிருந்து ஒரு சொட்டு குறையல, பாருங்க" என்றார். குறையவில்லை என்பது உண்மைதான். மேல் குறியீட்டையும் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. "சார், இதைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்க" என்று கம்பியைத் திருப்பிக் கொடுத்தேன். முகத்துக்கு அருகே கொண்டுபோனவர் புருவத்தைச் சுருக்கினார். பெட்ரோல் நிலையத்தில் நிற்பது போன்ற வாடை. ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டபோது கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெளிறிய ஈர வளையம் ஒன்று பரவிற்று. எண்ணெய் கூடியதற்குக் காரணம் அதில் கலந்திருந்த பெட்ரோல்தான். அப்படிக் கலந்த எண்ணெய் நீர்த்துப்போய், வேகமாக ஓட்டும்போது பேரிங்கைக் காக்கும் படலமாக நிற்காது. எண்ணெய் குறைந்தால் பதறுகிற நாம், கூடினால் மகிழ்ந்துபோகிறோம். இரண்டும் ஒரே அளவு கவனிக்க வேண்டியவை. மாற்றிய பின்னும் அளவு விரைவாக ஏறுமானால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். அவுட்போர்டில் எண்ணெய் மாற்றுவது கைப்பழக்கம் உள்ள எவரும் செய்யக்கூடியதே. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்திருப்போருக்கு இந்த வேலையே கிடையாது. அவர்களுடைய எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோவது. கீழேயுள்ள கியர் எண்ணெய்தான் அவர்கள் மாற்ற வேண்டியது.

எந்த எண்ணெய் என்பதில்தான் எத்தனை விவாதம்! பிராண்டுப் பெயர்களைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை. ஆனால் கலனின் மேல் எஃப்சி-டபிள்யூ என்ற முத்திரை இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். அமெரிக்காவின் தேசியக் கடற்கலன் உற்பத்தியாளர் சங்கம் ஃபோர் ஸ்ட்ரோக் படகு எஞ்சின்களுக்காக வகுத்த தரம் அது. துருப்பிடிப்பைத் தடுக்கும் திறனுக்கான சோதனையும் அதில் அடங்கும். கார் எண்ணெய்க்கு உப்புக்காற்றில் மாதக்கணக்கில் நிற்கும் எஞ்சினைக் காக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மேலும் காரை நெடுஞ்சாலையில் ஓட்டும்போது எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் சுற்றுகளில் இளைப்பாறிக்கொண்டு ஓடுகிறது. படகில் முழு வேகம் என்றால் ஐயாயிரம், ஆறாயிரம் சுற்றுகள். எண்ணெயின் பிசுக்குத்தன்மையைக் குறிக்கும் 10டபிள்யூ-30, 25டபிள்யூ-40 ஆகிய இரண்டு வகையும் கடையில் கிடைக்கும். உங்கள் கையேடு எதைச் சொல்கிறதோ அதையே வாங்குங்கள். அளவும் கையேட்டின்படியே. சிறிய 15 குதிரைத்திறன் எஞ்சினுக்கு ஒரு லிட்டர் அளவில் போதும். 150 குதிரைத்திறனுக்கோ நிறுவனத்தையும் மாடலையும் பொறுத்து நான்கிலிருந்து எட்டு லிட்டர் வரை வேறுபடும். எண்ணெயோடு கலக்கச் சொல்லி விற்கும் சிறு புட்டிகளுக்குச் செலவிடும் வெள்ளியை நல்ல ஃபில்டருக்குச் செலவிடலாம்.

எண்ணெயை இளஞ்சூட்டில்தான் வடிக்க வேண்டும். அப்போதுதான் அடியில் தங்கிய கசடும் மிதந்து வெளியேறும். அதற்காகப் படகைக் கரையில் வைத்து எஞ்சினை ஓட்டும்போது, நீர் உறிஞ்சும் துளைகளின் மேல் இரு பக்கமும் ரப்பர்க் கிண்ணங்களைப் பொருத்தி, முதலில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அதன் பின்னரே முடுக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் நீர்ப்பம்பின் ரப்பர் விசிறி ஒரு நிமிடத்துக்குள்ளாகவே கருகிவிடக்கூடும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பிள்ளைகள் புரொப்பெல்லர் பக்கம் நிற்க வேண்டாம். பின்புறத் துளையிலிருந்து தண்ணீர் சீராகப் பீய்ச்சுகிறதா என்பதிலேயே கண் இருக்க வேண்டும். அந்தத் துளைக்கு எங்கள் ஜெட்டியில் வழங்கும் பெயரை இந்தக் கட்டுரையில் எழுத இயலாது.

எஞ்சினை அணைத்து, செங்குத்தாக நிறுத்தி, மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டுப் பிறகு வடிகால் திருகைக் கழற்றுங்கள். பல மாடல்களில் இந்தத் திருகு எஞ்சினின் நடுப்பகுதியில் பக்கவாட்டில் இருப்பதால் எண்ணெய் எஞ்சினின் கீழ்நீண்ட காலின் வழியே வழிந்து எல்லா இடத்திலும் பரவும். பழைய எண்ணெய்க் கலனைக் குறுக்கே வெட்டி வாய்க்கால் போல் பிடித்தால் சிந்தாது. தண்ணீரில் மிதக்கும் படகில் இந்தத் திருகைத் தொடவே வேண்டாம். அளவுக்கம்பி இருக்கும் குழாய்க்குள் மெல்லிய குழலை இறக்கி உறிஞ்சும் கைப்பம்பே அங்கே பாதுகாப்பானது. வடிகால் திருகின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். அலுமினியப் புரிகள் எளிதில் அறுந்துபோகும் என்பதால் பலத்தைக் காட்டி முறுக்க வேண்டாம்.

ஃபில்டரைக் கழற்றுமுன் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால், உள்ளே மிஞ்சியிருக்கும் எண்ணெய் பைக்குள்ளேயே விழும். கழற்றிய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதனுடனேயே வந்துவிட்டதா என்று பாருங்கள். சில வேளை அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புதியதை முறுக்கினால் இரண்டு வளையங்களுக்கிடையே எண்ணெய் பீறிட்டு, நடுக்கடலில் எச்சரிக்கை மணி ஒலிக்கும். புதிய வளையத்தில் துளி எண்ணெய் தடவிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கினால் போதும். எண்ணெயை முதலில் சற்றுக் குறைவாகவே ஊற்றி, தண்ணீர் இணைத்து இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, கசிவில்லை என்று உறுதி செய்து, சில நிமிடம் நின்ற பிறகு அளவுக்கம்பியைப் பார்த்து மீதியைச் சேர்க்கலாம்.

வடிந்த எண்ணெயைப் பார்க்காமல் மூடி வைத்துவிடாதீர்கள். நீங்களே இந்த வேலையைச் செய்வதன் முதற்பயன் அதில்தான் இருக்கிறது. கறுத்திருப்பது குற்றமில்லை. பால் கலந்த தேநீரைப் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்பசை படிந்திருந்தால் பெரும்பாலும் அது ஈரக்காற்றின் வேலை. எண்ணெய் முழுவதுமே வெளுத்திருந்தால் எஞ்சின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் பழுதோ வேறெங்கோ அரிப்போ காரணமாகக் கடல்நீர் நுழைந்திருக்கலாம். அந்த நிலையில் எஞ்சினை முடுக்காமல் உடனே பட்டறை ஃபோர்மேனை அழையுங்கள். ஒரு வாரம் தள்ளினால் உள்ளே துரு வேலையைத் தொடங்கிவிடும். எண்ணெயில் மினுமினுக்கும் துகள்கள் தெரிந்தால் காந்தத்தை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியமோ பேரிங் உலோகமோ இருக்கலாம். இந்த ஒரு தகவலோடு நீங்கள் வந்தாலே எனக்குப் பாதி வேலை குறையும்.

எண்ணெய் மாற்றும் அதே நாளில் கியர் பெட்டியையும் கவனித்துவிடலாம். அதன் எண்ணெய் வேறு, திருகுகள் இரண்டு. மேல் திருகையும் திறந்தால்தான் கீழ்த் திருகு வழியே ஒழுங்காக வடியும். நிரப்பும்போது கீழிருந்து மேலாக, மேல் துளையில் எண்ணெய் எட்டிப் பார்க்கும் வரை நிரப்ப வேண்டும். இங்கே எண்ணெய் வெளுத்திருந்தால் முதலில் புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். அறுந்த தங்கூசி, அதாவது தூண்டில் நூல், அச்சில் சுற்றிக்கொண்டு, நீர் புகாமல் காக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுத்திருப்பதை அடிக்கடி காண்கிறேன். தூண்டில்காரர் படகுகளுக்கே உரிய நோய் இது.

படகுக்குள்ளேயே பொருத்திய உள்கட்டு எஞ்சின் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. படகின் அடிப்பள்ளத்தில் சிந்திய எண்ணெயைத் தானியங்கிப் பம்பு கடலுக்குத்தான் தள்ளும். அதற்குத் தண்ணீர் எது, எண்ணெய் எது என்று தெரியாது. வேலையைத் தொடங்குமுன் அந்தப் பம்பை அணைத்துவிட்டு, சிந்தியதை உறிஞ்சும் விரிப்புகளால் ஒற்றி எடுத்த பிறகே மீண்டும் இயக்க வேண்டும். கடலில் எண்ணெய் பரவிவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றுவோர் உண்டு. பளபளப்பு மறையும், எண்ணெய் மறையாது, நீருக்குள் கலந்து இறங்கிவிடும். நம் நீரிணையின் சேற்றுப் படுகைகளில்தான் நாம் உண்ணும் கெராங் சிப்பி வளர்கிறது. பிறைத் தொழிற்பேட்டையின் கழிவுகளால் 1970களில் குவாலா ஜூரு மீனவர்கள் பட்ட பாட்டைப் பினாங்குக்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், 27ஆம் பிரிவில், மலேசியக் கடலில் எண்ணெயை விடுவதைத் தடுக்கிறது.

பழைய எண்ணெயை எங்கே கொடுப்பது என்பதுதான் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர (பட்டியலிடப்பட்ட கழிவுகள்) விதிமுறைகளில் பயன்படுத்திய மசகெண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்றும், எண்ணெய் படிந்த துணியும் ஃபில்டரும் எஸ்டபிள்யூ 410 என்றும் பட்டியலிடப்பட்ட கழிவுகள். பட்டறைகள் இவற்றைப் பெயர்ச்சீட்டு ஒட்டிய பீப்பாயில் சேமித்து, 180 நாள்களுக்குள் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆகவே புதிய எண்ணெய் வந்த கலனிலேயே பழையதை ஊற்றி மூடி, நீங்கள் வழக்கமாகப் போகும் கார்ப் பட்டறையிலோ படகுப் பட்டறையிலோ கொடுத்துவிடுங்கள். பயன்படுத்திய எண்ணெய்க்கு விலை உண்டு என்பதால் பட்டறைக்காரர் பெரும்பாலும் மறுக்கமாட்டார். நீர் கலந்து வெளுத்ததை மட்டும் தனிக் கலனில் வைத்து, அப்படியே சொல்லிக் கொடுங்கள். நல்ல பீப்பாய் ஒன்றை அது கெடுத்துவிடும். வடிக்கும்போது நைட்ரைல் கையுறை அணிவதும் அவசியம். பழைய எண்ணெயில் தோலுக்குக் கேடு செய்யும் சேர்மங்கள் சேர்ந்திருக்கும்.

எஞ்சினின் மேல்மூடியைப் பூட்டுமுன் அதன் உட்புறத்தில் அழியாத மையால் தேதி, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு, வடிந்த அளவு, ஊற்றிய அளவு ஆகிய நான்கையும் எழுதிவையுங்கள். எஞ்சின் இன்னும் உத்தரவாதத்தில் இருந்தால் எண்ணெயும் ஃபில்டரும் வாங்கிய ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். உரிமைகோரலின்போது விற்பனையாளர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.