எழுத்து சொல்லித்தரும் பொம்மை வாங்கப் போகிறீர்களா?

மே மாத சீசன் முடிந்து சுற்றுலாக் கூட்டம் மலையிறங்கிய பிறகுதான் எங்கள் ஊர்ப் பெற்றோர் கடைத்தெருவுக்கு வருவார்கள். ஜூனில் பள்ளி திறக்கிறது. பை, லஞ்ச் பாக்ஸ், ரெயின்கோட் என்று நீளும் பட்டியலில் இப்போது எழுத்து சொல்லித்தரும் எலெக்ட்ரானிக் பொம்மையும் சேர்ந்துவிட்டது. குன்னூரில், எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் குழந்தைகளின் கையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கும் என் மேசைக்கு அதே பொம்மைகள் ஆகஸ்ட் வாக்கில் வந்து சேர்கின்றன. "மேடம், இதுல ஏ டு இசட் கடகடன்னு எழுதுறான். நோட்டைக் கொடுத்தா பென்சிலையே தொட மாட்டேங்கிறான்" என்பார் அம்மா.

பிள்ளைக்குச் சோம்பலும் இல்லை, அடமும் இல்லை. அந்தப் பொம்மையில் அவன் இதுவரை எழுதவே இல்லை, அவ்வளவுதான்.

அதிகம் விற்பது பள்ளம் வெட்டிய பலகை. எழுத்தின் வடிவில் ஒரு பள்ளம் இருக்கும். பேனாவை அதில் ஓட்டினால் விளக்கு எரியும், "ஏ ஃபார் ஆப்பிள்" என்று குரல் வரும், முடித்ததும் கைதட்டல் கேட்கும். எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே நிறுத்துவது என்று கை ஒவ்வொரு கணமும் முடிவெடுப்பதற்குப் பெயர்தான் எழுதுவது. இங்கே அந்த முடிவுகளையெல்லாம் பள்ளமே எடுத்துவிடுகிறது. கீழிருந்து மேலே இழுத்தாலும் பெரும்பாலான பலகைகள் கை தட்டுகின்றன. அப்படி ஆறு மாதம் பழகிய கையைத் திருத்துவது, புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம்.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. இன்னும் வாசிக்கத் தெரியாத 5 வயதையொட்டிய குழந்தைகள் சில எழுத்துகளைத் தாங்களாகவே கையால் எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு அதே எழுத்துகளைப் பார்க்கும்போது மூளையை ஸ்கேன் செய்தார்கள். வாசிப்புக்கு உதவும் மூளைப் பகுதிகள், தாமாக எழுதிய எழுத்துகளுக்குத்தான் தெளிவாகத் துலங்கின. மேலே வரைந்து பழகியதற்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. குழந்தை எழுதும் எழுத்து ஒவ்வொரு முறையும் கோணலாக, வேறு வேறு மாதிரி வருவதே எழுத்தை அடையாளம் காணக் கற்றுத்தருகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். சிறிய ஆய்வுதான். ஆனால் என் அறையில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பலகையைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டு, அதில் அவன் நன்றாகப் போடும் எழுத்தை வெள்ளைத்தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுத்து எப்படி வந்தது என்பதை விட்டுவிட்டு, கை எங்கே தொடங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். தொடங்கவே இடம் தெரியாமல் பென்சில் தாளின் மேல் அலைந்தால் விஷயம் விளங்கிவிடும்.

இன்னொரு சிக்கல் வரிசை. வட்டத்தைப் பார்த்து வரைய ஏறத்தாழ 3 வயது ஆக வேண்டும், கூட்டல் குறிக்கு 4, சதுரத்துக்கு நாலரை, முக்கோணத்துக்கு 5. சாய்கோடு தாமதமாகத்தான் கைக்கு வரும். பொம்மையோ அகரவரிசைப்படி ஏ-யில் தொடங்குகிறது. ஏ என்பதே இரண்டு சாய்கோடுகள்! மூன்றரை வயதில் எல்.கே.ஜி. போகும் குழந்தைக்கு அது முதல் நாளே தோல்வி. எல், டி (T), இ, எச் என்று நேர்கோட்டு எழுத்துகளைத் தேடி எடுத்துக் கொடுத்தால் அதே கை ஓரளவு சமாளிக்கும். தமிழிலும் அப்படித்தான். சுழியும் வளைவும் நிறைந்த அ-வில் தொடங்காமல் ட, ப, ம என்று தொடங்கும் ஆசிரியர்கள் காரணத்தோடுதான் செய்கிறார்கள். ட-வில் ஒரு நிற்கும் கோடு, ஒரு படுக்கைக் கோடு. ப-வில் இன்னொரு கோடு கூடுகிறது. ம-வும் மெய்ப்புள்ளியும் வந்துவிட்டால் படம், பட்டம், மடம் என்று வாசிக்கவே தொடங்கிவிடலாம். 247 எழுத்தையும் காட்டுகிறது என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள்.

பேசும் பொம்மைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அது பேசத் தொடங்கினால் வீட்டில் மற்றவர்கள் பேசுவது குறைகிறது. 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோருமாக 26 ஜோடிகளைப் பதிவு செய்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், எலெக்ட்ரானிக் பொம்மையோடு விளையாடும்போது பெற்றோர் பேசிய சொற்கள், புத்தகம் பார்க்கும்போது பேசியதைவிடக் குறைவாகவே இருந்தன. தமிழும், படுகர்களின் மொழியான படுகுவும் புழங்கும் வீடுகளில் அந்த இடத்தை நிரப்புவது பேட்டரியில் ஓடும் ஆங்கிலக் குரல்.

எல்.சி.டி. எழுதுபலகையை நான் முழுதாக ஒதுக்கமாட்டேன். அழுத்தும் இடத்தில் உள்ளிருக்கும் திரவப் படிகங்கள் மாறிக் கோடு தெரிகிறது. பள்ளம் இல்லாததால் கைதான் வேலை செய்ய வேண்டும். தசை பலம் குறைந்த குழந்தைகளுக்கு, தப்பாகிவிடுமோ என்று பயந்து பென்சிலைத் தொடாத குழந்தைகளுக்கு, நானே கொடுக்கிறேன். ஆனால் ஒரு பொத்தானில் எல்லாம் அழிந்துவிடுவதால் நேற்று எழுதியது இன்று இருக்காது. சில குழந்தைகளுக்கு எழுதுவதைவிடப் பொத்தானை அழுத்துவதுதான் விளையாட்டாகிவிடுகிறது. வழுக்கும் பரப்பு என்பதால் தாளில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதும் கைக்குப் பிடிபடாது. பக்கத்தில் ஒரு சிலேட்டும் இருக்கட்டும்.

எழுதும் விரலைத் தயார் செய்ய இந்த மலையில் பொருளுக்கா பஞ்சம்? பச்சைப் பட்டாணி உரிக்கவிடுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தோலைப் பிளக்கும் வேலையில் பென்சில் பிடிக்கும் பலம் வருகிறது. எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் அம்மாக்களிடம், "உங்க விரலுக்கு இருக்கிற பழக்கம்தான் அவனுக்கும் வேணும்" என்று சொன்னால் வேறு விளக்கமே தேவைப்படாது. அடைமழை நாளில் ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தால் அதட்டாமல் விரலால் எழுதவிடுங்கள். நிற்கும் பரப்பில் எழுதும்போது மணிக்கட்டு சரியான கோணத்துக்கு வரும், தோளும் வலுப்படும். கிரேயானை இரண்டு விரற்கடை நீளத்துக்கு உடைத்துக் கொடுங்கள். முஷ்டியால் பிடிக்க இடமில்லாமல் விரல் நுனி தானாக வேலைக்கு வரும். உறைபனிக் காலத்தில் காலை ஏழு மணிக்கு விறைத்த விரலோடு வீட்டுப்பாடம் எழுதச் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் பொம்மை வாங்குவதாக இருந்தால், கடையிலேயே அதைத் திருப்பிப் பேட்டரி மூடியைப் பாருங்கள். ஸ்க்ரூ இல்லாமல் நகத்தால் திறக்கும் மூடி என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மின்சாரப் பொம்மைகளுக்கு ஐ.எஸ். 15644 தரமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். முத்திரை இல்லாதவை மலிவாகக் கிடைக்கத்தான் செய்கின்றன.

நான் பயப்படுவது, இந்தப் பலகைகள் பலவற்றில் இருக்கும், பட்டன் பேட்டரி எனப்படும் காசு போன்ற லித்தியம் பேட்டரிக்கு. 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். சிறு குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளலாம். பேட்டரி உடைந்து கசிய வேண்டியதில்லை. ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, தொட்டிருக்கும் இடத்தில் காஸ்டிக் சோடா போன்ற காரம் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கலாம். அறிகுறிகளோ எச்சில் வடிவது, இருமல், சாப்பிட மறுப்பது. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்குத்தான் இருமல் இல்லை? சளி என்று கஷாயம் கொடுத்துக் காத்திருந்துவிடுவார்கள். குழாய் விட்டு அதை வெளியே எடுக்கும் எண்டோஸ்கோப்பிக்காக மலையிறங்க வேண்டி வந்து, மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து கிடந்தால் அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகும்?

பேட்டரி காணவில்லை, விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள். ஒரு வயது தாண்டி, விழுங்க முடிகிற நிலையில் இருக்கும் குழந்தைக்கு, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் ஆறு முறை. அரிப்பை அது சற்றே தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தேன் தேடுகிறேன் என்று புறப்படுவதைத் தள்ளிப்போடாதீர்கள். 108-ஐ அழைக்கும்போதே "பட்டன் பேட்டரி விழுங்கியிருக்கலாம்" என்று சொல்லி, எக்ஸ்ரே உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். விழுங்கியது பேட்டரி என்றால் எக்ஸ்ரேயில் ஓரம் பெரும்பாலும் இரட்டை வளையமாகத் தெரியும், காசு என்றால் ஒற்றை வளையம். பொம்மையையும், அதே மாதிரிப் பேட்டரி வீட்டில் இன்னொன்று இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். சி.ஆர். 2025, சி.ஆர். 2032 என்று அதன் மேல் இருக்கும் எண் மருத்துவருக்குத் தேவைப்படும்.