சுவர்ப் பலகை ஏன் பிடுங்கிக்கொண்டு வருகிறது?

சென்னையின் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்களில் கதவும் ஜன்னலும் பெரும்பாலும் 7 அடி உயரத்தில் முடிந்துவிடும். கூரை 10 அடிக்குச் சற்று முன்பின். இடையிலுள்ள மூன்றடிச் சுவரில் ஒரு காலண்டர் ஆணிகூட இருக்காது. கூரையிலிருந்து 2 அடி கீழே, 8 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள ஒரு பலகையை ஓடவிட்டால் 16 கன அடி இடம் கிடைக்கும். அது ஏறத்தாழ 450 லிட்டர், அதாவது பெரிய ஃபிரிட்ஜ் ஒன்றின் கொள்ளளவு. தரையில் ஒரு சாண் இடம்கூட இதற்காகப் போவதில்லை. பிளைவுட் துண்டு ஒன்று, எல் ஆங்கிள் (பலகையைச் சுவரோடு தாங்கும் L வடிவ இரும்பு) நான்கு, கைப்பிடி அளவு பிளக்கும் (சுவர்த் துளைக்குள் செருகி ஸ்க்ரூவைப் பிடிக்க வைக்கும் குழாய்) ஸ்க்ரூவும் போதும்.

ஆனால் இப்படி மாட்டிய பலகை சில மாதங்களில் முன்பக்கமாகச் சாய்வதையும், சுவர்ப் பூச்சு பெயர்ந்து ஸ்க்ரூ வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும் பல வீடுகளில் பார்க்கலாம். பழி எடையின் மேல் விழும். எடை இழுப்பது கீழ்நோக்கி. பிளக் பிடுங்கிக்கொண்டு வருவதோ பக்கவாட்டில். இந்த முரண்பாட்டுக்குள்தான் விஷயம் இருக்கிறது.

எல் ஆங்கிள் ஒரு நெம்புகோல். அதன் கீழ்நுனி சுவரை அழுத்தி நிற்கிறது. பலகையின் மேலுள்ள பாரம் அந்த நுனியை மையமாக வைத்து ஆங்கிளை முன்பக்கம் சுழற்றப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிற்பது மேல் ஸ்க்ரூ மட்டுமே. அதன்மேல் விழும் இழுவையைக் கணக்கிடுவது சுலபம்: எடையை, சுவரிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, ஆங்கிளின் கீழ்நுனிக்கும் மேல் ஸ்க்ரூவுக்கும் உள்ள உயரத்தால் வகுக்க வேண்டும். 30 கிலோ பாரம், அதன் மையம் சுவரிலிருந்து 15 செ.மீ., ஆங்கிளின் உயரம் 20 செ.மீ. என்றால் மொத்த இழுவை 22.5 கிலோ. இரண்டு ஆங்கிள் இருந்தால் ஆளுக்கு 11 கிலோ சொச்சம். அதே பாரத்துக்கு 5 செ.மீ. உயரமுள்ள குட்டி ஆங்கிளைப் போட்டால் இழுவை 90 கிலோவாகிவிடும். பாரத்தைப் பலகையின் முன்விளிம்பில் வைத்தால் இதுவும் இரட்டிப்பாகும்.

ஆகவே காசு செலவழிக்க வேண்டிய இடம் உயரமான ஆங்கிள். அதன் இரு கைகளும் சமமில்லை என்றால் நீளமான கை சுவரோடு போக வேண்டும். பலகையைத் தாங்கும் கை, பலகையின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது வந்தால் நல்லது.

இனி பிளக். முன்பெல்லாம் சுவரில் குழி வெட்டி மரக்கட்டையை அடித்து இறுக்கி, அதில் ஆணி அடிப்பார்கள். மரம் காய்ந்து சுருங்கினால் பிடி விட்டுவிடும். 1910-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜான் ஜோசப் ராலிங்ஸ் சணல் நாரைப் பசையில் தோய்த்து ஒரு குழாயாக உருவாக்கினார். கடைகளில் இன்றும் ‘ராவல் பிளக்’ என்று கேட்பது அந்தப் பெயரைத்தான். இப்போது நாம் பயன்படுத்தும் நைலான் பிளக்கை 1958-இல் ஜெர்மனியின் ஆர்ட்டர் ஃபிஷர் கொண்டுவந்தார். தத்துவம் ஒன்றே. ஸ்க்ரூ உள்ளே போகப்போக பிளக் விரிகிறது, துளையின் சுவரை அழுத்துகிறது, அந்த அழுத்தத்தால் எழும் உராய்வு ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்கிறது. துளை ஒரு மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டாலே அழுத்தம் குறைந்து, பிளக் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். துளைக்குள் தூசு தங்கினாலும் இதே கதிதான்: பிளக்குக்கும் செங்கல்லுக்கும் நடுவே மாவு போட்டு உருட்டுவதைப் போல.

40 மி.மீ. நீளமுள்ள 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட் (ட்ரில்லில் மாட்டும் துளைக்கம்பி), 5 மி.மீ. ஸ்க்ரூ பொருந்தும். ஆனால் உள்சுவரில் 12 முதல் 15 மி.மீ. வரை வெறும் பூச்சு. அதற்குப் பிடிக்கும் வலு இல்லை. பிளக் முழுவதும் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் உட்கார வேண்டும். அதனால் 65 மி.மீ. ஆழம் துளையிட்டு, 60 மி.மீ. ஸ்க்ரூ போடுவதே பத்திரம். பிட்டில் அந்த அளவில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது. துளையிட்டதும் சைக்கிள் பம்பால் ஊதித் தூசை வெளியேற்றுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளையிடவே கூடாது. உள்ளே ஒயர் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் ஏறி இறங்கும். குழாய்களுக்கும் அப்படியே.

எந்தச் சுவர் என்பதைத் துளையிலிருந்து வரும் தூசு சொல்லிவிடும். சிவப்பு என்றால் செங்கல், கவலையில்லை. சாம்பல் நிறத் தூசு கொஞ்சம்கொஞ்சமாக, பிட் திணறித்திணறி வந்தால் கான்கிரீட். லிண்டலோ (கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட் உத்தரம்) தூணோ இருக்கும். துளையிடத்தான் கஷ்டம், பிடிப்பு பிரமாதம். புதிய அடுக்குமாடிகளில் பூச்சைத் தாண்டியதும் வெண்ணெயில் இறங்குவதுபோல பிட் இறங்கி, வெளிர் மாவாகக் கொட்டினால் அது ஏஏசி பிளாக். கன மீட்டருக்கு 600 கிலோ அளவே எடையுள்ள, நுண்குமிழிகள் நிறைந்த கல். சாதாரண பிளக் விரியும்போது அந்தக் குமிழிகள் நொறுங்கிவிடும். பிடிக்க எதுவும் மிஞ்சாது. இங்கே ட்ரில்லின் ஹேமரை (இடித்துக்கொண்டே துளையிடும் இயக்கத்தை) நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளையிட வேண்டும். ஏஏசி-க்கென்றே வரும் நீளமான பிளக் போட வேண்டும். பாரம் அதிகமென்றால் கான்கிரீட் தூணைத் தேடிப் போவதே சரி.

சுவர் தாங்கினாலும் பலகை வளையலாம். சீராகப் பாரம் ஏற்றிய பலகையில், தாங்கிகளுக்கு இடையே தூரம் இரட்டிப்பானால் தொய்வு 16 மடங்காகும். கனம் ஒன்றரை மடங்கானால், அதாவது 12 மி.மீ.-க்குப் பதில் 18 மி.மீ. போட்டால், தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். விலை குறைவென்று பார்ட்டிகிள் போர்டை (மரத்துகள்களைப் பசையிட்டு அழுத்திய பலகை) எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அதன் விறைப்பு நல்ல பிளைவுட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவே. அதோடு, பாரம் மாறாவிட்டாலும் மாதக்கணக்கில் வளைந்துகொண்டே போகும்.

ஆங்கிளை எங்கே வைப்பது என்பதில்தான் காசில்லாமல் பெரிய லாபம். நான்கடிப் பலகைக்கு (122 செ.மீ.) இரண்டு ஆங்கிளை இரு ஓரங்களிலும் வைப்பது வழக்கம். அவற்றை ஓரத்திலிருந்து நீளத்தில் 22 சதவீதம், அதாவது 27 செ.மீ. உள்ளே தள்ளிப் பாருங்கள். வெளியே நீட்டும் இரு முனைகளிலுள்ள பாரம் நடுப்பகுதியை மேலே நெம்பிக் கொடுக்கும். பாரம் சீராக இருக்கும்வரை தொய்வு ஏறத்தாழ 48 மடங்கு குறைகிறது. ஒரு முனையில் மட்டும் பாரம் ஏற்றினால் பலகை கவிழப் பார்க்கும் என்பதால், அதை ஆங்கிளோடு அடியிலிருந்து ஸ்க்ரூ போட்டு முடுக்குவது கட்டாயம். 8 அடிப் பலகைக்கு நான்கு ஆங்கிள்: ஒரு முனையிலிருந்து 25, 90, 155, 220 செ.மீ. தூரங்களில்.

மேலே எதை ஏற்றுவது? A4 தாள்கள் அடங்கிய ஒரு கட்டு (500 தாள்) 2.5 கிலோ, 5 செ.மீ. கனம். ஒரு மீட்டர் நீளத்துக்குப் பழைய ஃபைல்களை நெருக்கி அடுக்கினால் 50 கிலோவை நெருங்கிவிடும். பித்தளைச் சீர்ப் பாத்திரங்களும் அப்படியே. இவை தரையோடு இருக்கட்டும். மேல் பலகைக்குக் காலிப் பெட்டிகள், கூடுதல் தலையணை, வருஷத்துக்கு ஒருமுறை இறங்கும் காகிதக்கூழ் கொலு பொம்மைகள்.

வாடகை வீட்டில் துளையிட அனுமதி இல்லையென்றால் துளைபோட்ட இரும்பு ஆங்கிள் ரேக் வாங்குவார்கள். நல்ல தேர்வு, ஆனால் இங்கே ஆபத்து அதிகம். 180 செ.மீ. உயரம், 30 செ.மீ. ஆழம், 60 கிலோ எடையுள்ள ரேக்கை உச்சியில் பிடித்து 5 கிலோ விசையில் இழுத்தாலே பின்கால்கள் தரையை விட்டு எழும். தட்டைப் பிடித்து ஏறும் நான்கு வயதுக் குழந்தைக்கு அதைவிட எடை அதிகம். எடை எல்லாத் தட்டுகளிலும் சமமாக இருந்தால் 10 டிகிரி சாய்வதற்குள் ரேக் கவிழ்ந்துவிடும். கனமானவற்றைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி, எடையின் மையத்தை 50 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் 16 டிகிரிவரை சாய்ந்தாலும் திரும்பி நிற்கும். நெம்புகோல் இங்கே நம் பக்கமும் வேலை செய்கிறது. உச்சியில் பிடித்துக்கொள்ளச் சிறிய விசையே போதும் என்பதால், வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு துளைக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ரேக்கை ஜன்னலோரம் நகர்த்தி, அதன் மேல்சட்டத்தைக் கட்டுக்கம்பியால் ஜன்னல் கிரில்லோடு இரண்டு இடங்களில் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.