கணக்கில் பின்தங்கிய பிள்ளையும் கணக்கே பிடிபடாத பிள்ளையும்

மண்டபம், பாம்பன் பக்கப் பள்ளிகளில் சிறப்பாசிரியராக வேலை பார்க்கும் எனக்குப் பழகிப்போன புகார் இது: "எல்லாம் நல்லாத்தான் படிக்குது டீச்சர், கணக்கு மட்டும் மண்டையில ஏறமாட்டேங்குது." பக்கத்தில் நிற்கும் யாராவது, "டிஸ்கால்குலியாவா இருக்குமோ?" என்பார். எண்களின் அளவே மனதில் பிடிபடாத கற்றல் குறைபாட்டுக்கு அப்படிப் பெயர். யூடியூப் புண்ணியத்தில் அது எங்கள் கரை வரைக்கும் வந்துவிட்டது. பெயர் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் கணக்கில் மார்க் வாங்காத பிள்ளைக்கெல்லாம் அதை ஒட்டிவிடுகிறார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கி வருகிறதா?

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். லீவு நாளில் அப்பாவோடு நண்டு எடை போடும் இடத்தில் நிற்பவன். கிலோ 350 ரூபாய் என்றால் நாலு கிலோ எவ்வளவு என்றேன். "ரெண்டு கிலோ எழுநூறு, அப்ப ஆயிரத்து நானூறு" என்றான், பட்டென்று. அதையே நோட்டில் 350 × 4 என்று எழுதிக் கொடுத்தேன். பூஜ்யத்துக்குப் பூஜ்யம், நாலஞ்சு இருபது, நாமூணு பன்னிரண்டு என்று வாய்க்குள் சொல்லி, வந்ததையெல்லாம் அப்படியே வரிசையாக எழுதி, 12200 என்று அடிக்கோடு போட்டான். நாலு கிலோ நண்டு பன்னிரண்டாயிரமா என்று கேட்டதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இவனுக்கு டிஸ்கால்குலியா இல்லை. எது அதிகம், எது குறைவு என்கிற அளவுணர்வு நன்றாகவே இருக்கிறது. 'மனதில் இரண்டு' வைக்கும் முறைதான் கீழ்வகுப்பில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் பார்த்த சிறுவர்களைப் பற்றி 1985இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. விற்கும் இடத்தில் 98 சதவீதம் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள்.

இந்த மாதிரிப் பையனை டியூஷனில் போட்டு அதே பெருக்கலை இன்னும் ஐம்பது முறை எழுத வைப்பது வீண்வேலை. அவன் வாயால் சொன்னதை அவனையே எழுதச் சொல்லுங்கள்: 350 + 350 = 700, 700 + 700 = 1400. அடுத்து 300 × 4, 50 × 4 என்று பிரித்துப் போடட்டும். பள்ளிக்கூட முறை அதற்கப்புறம். ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால், விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று ஏலம் கேட்கிற மாதிரி ஒரு தொகையைச் சொல்ல வையுங்கள். விடை அதை விட்டு வெகுதூரம் போனால் பிழையை அவனே பிடித்துவிடுவான்.

இன்னொரு பிள்ளை ஐந்தாம் வகுப்பு. கதையைத் தடங்கலில்லாமல் வாசிப்பாள், படம் வரைவாள். தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று ஏறுவரிசையில் நிலைகள் உண்டல்லவா? தமிழில் மலர், கணக்கில் இன்னும் அரும்பு. இந்த இடைவெளிதான் என்னை நிறுத்திப் பார்க்க வைக்கும். பல்லாங்குழியை எடுத்தேன். ஒரு குழியில் நாலு சோழி சேர்ந்தால் 'பசு'. பெரும்பாலானோர் நாலு வரை எண்ணாமலே கண்டுகொள்வார்கள், எங்கள் பாட்டிமார் பசுவை அள்ளும் வேகத்தைப் பார்த்தால் தெரியும். இவள் ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அந்த நாலையே தரையில் சற்று அகட்டி வைத்தேன், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். அம்மாவிடம் சில்லறைக் கேள்வியைக் கேட்டேன். "கடைக்காரர் குடுத்தத அப்படியே கொண்டாந்து குடுத்துரும் டீச்சர்."

கடையிலும் வராது, விளையாட்டிலும் வராது, நோட்டிலும் வராது என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். கூடவே 7 பெரிதா 9 பெரிதா என்பதற்கே யோசிப்பது, நூற்றைந்தை 1005 என்று எழுதுவது, கடிகாரம் பார்க்கத் திணறுவது. பார்வை, காது இரண்டையும் சோதித்து, மாதக்கணக்கில் பள்ளிக்கு வராமல் இருந்ததா என்றும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. நூறு பிள்ளைகளில் 3 முதல் 7 பேருக்கு டிஸ்கால்குலியா இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அறிவுக் குறைவோ சோம்பலோ காரணமில்லை.

இவளுக்கு வாய்ப்பாடு ஒப்பிப்பது கடைசி. முதலில் கையில் பொருள், அப்புறம் படம், அப்புறம்தான் எண். சோழிகளை ஐந்தைந்தாக அடுக்கி, ஏழு என்றால் ஐந்தும் இரண்டும் என்று கண்ணுக்குப் பழக்கினோம். பழைய வலைக் கயிற்றில் மிதவைகளைக் கோத்து, பத்தாவதுக்கெல்லாம் சிவப்பு பெயிண்ட் அடித்தோம். 38இலிருந்து 45க்கு எத்தனை? சிவப்பு வரை இரண்டு, அதைத் தாண்டி ஐந்து. கழித்தலைக் கடன் வாங்காமல் இப்படி மேலே ஏறிப் போட்டால் சில்லறைக் கணக்கும் கூடவே வந்துவிடும். வாய்ப்பாட்டில் 2, 5, 10 போதும், மற்றதை அவற்றிலிருந்து கட்டிக்கொள்ளலாம். கட்டம் போட்ட நோட்டு, பக்கத்துக்கு நாலைந்து கணக்கு, தினம் கால் மணி நேரம். ஸ்டாப்வாட்ச் வேண்டவே வேண்டாம், பயம் வந்தால் தெரிந்ததும் மறக்கும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்கால்குலியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இதற்கான சான்றை அரசு ஆஸ்பத்திரியில் 8 வயது ஆன பிறகுதான் தருவார்கள், 14இலும் 18இலும் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரிடம் போனால் வழி சொல்வார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஜனவரியில் ஓடி வந்தால் சிரமம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் கரையில்தான் இருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடையிலேயே ஆஸ்பத்திரி அலைச்சலை முடித்துக்கொள்ளுங்கள்.