பீகார் கார்டுக்குத் திருப்பூரில் அரிசி: ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ எப்படி நடக்கிறது?

எங்கள் லைன் வீட்டில் 11 குடும்பம். அதில் 7 குடும்பத்தின் ரேஷன் கார்டு வேறு ஊரில் கிடக்கிறது. இரண்டு தேனி, ஒன்று திருவாரூர், மிச்சம் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். பனியன் கம்பெனி உள்ள ஊரில் இது சாதாரணம். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடையில் காசு கொடுத்து அரிசி. ஊர்க் கார்டை இங்கேயே பயன்படுத்தலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் ஒரு தடவை கடைக்குப் போய், மெஷின் ‘இல்லை’ என்றதும் திரும்பி வந்தவர்கள்.

அந்த ‘இல்லை’ எதனால் வருகிறது என்று தெரிந்துகொண்டால் திட்டம் முக்கால்வாசி புரிந்த மாதிரிதான்.

2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுக்க 81 கோடிப் பேருக்கு மேல் தானியத்தைச் சட்டப்படியான உரிமையாக்கியது. முன்னுரிமைக் கார்டு என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ. பரம ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா கார்டு என்றால் குடும்பத்துக்கு 35 கிலோ. ஆனால் அந்த உரிமை ஒரே ஒரு கடையோடு கட்டப்பட்டிருந்தது. ஆள் இடம் மாறலாம், கார்டு மாறாது. இதை அவிழ்க்கும் வேலையை மத்திய அரசு 2019 ஆகஸ்டில் ஆந்திரா–தெலங்கானா, குஜராத்–மகாராஷ்டிரா என்று இரண்டு ஜோடி மாநிலங்களில் தொடங்கியது. அடுத்த வருஷம் ஊரடங்கு வந்தது. அரிசி ஓரிடம், பசித்தவன் ஓரிடம் என்பதை அப்போதுதான் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. எல்லா மாநிலமும் 2021 ஜூலை 31-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. கடைசியாக 2022 ஜூனில் அசாம் வந்தது.

சரி, கடையில் என்ன நடக்கிறது? புதுக் கார்டு வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம், வாடகை ஒப்பந்தம் வேண்டாம். கார்டு கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ரேஷன் கார்டு எண்ணையோ ஆதார் எண்ணையோ சொன்னால், விற்பனையாளர் மெஷினில் அடிப்பார். அது மத்திய சர்வர் வழியாக அந்தக் குடும்பத்தின் கணக்கைத் திறந்து, இந்த மாதம் பாக்கி எவ்வளவு என்று காட்டும். விரல் ரேகை வைத்தால் பில் வரும். 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தானியம் இலவசம். அதற்கு முன் அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய்.

‘பாக்கி’ என்ற சொல்லில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஐந்தாவது வீட்டு ஒடிசாத் தம்பி, செக்கிங் வேலை பார்ப்பவர், ஒரு மாதம் 20-ஆம் தேதி வாக்கில் கடைக்குப் போனார். பாக்கி சைபர். கடைக்கார அம்மா, “உங்க ஊர்லயே எடுத்துட்டாங்களாட்டம் இருக்குதுங்க தம்பி” என்றார். தன் அரிசியை இங்கே யாரோ தின்றுவிட்டார்கள் என்று தம்பிக்கு ஒரே கோபம். ஊருக்குப் போன் போட்டால், முதல் வாரத்திலேயே அம்மா 25 கிலோவையும் எடுத்துவிட்டிருக்கிறார். அதில் தம்பியின் 5 கிலோவும் சேர்த்திதான்.

அதாவது கணக்கு ஒன்று, கடை எத்தனை வேண்டுமானாலும். ஐந்து பேர் கார்டுக்கு 25 கிலோ என்றால், இங்கே 5 கிலோ எடுத்தால் ஊரில் 20 மிச்சம் இருக்கும். ஊரில் முழுசாக எடுத்தால் இங்கே ஒன்றும் இருக்காது. இங்கே முழுசாக எடுத்தால் ஊரில் உள்ளவர்கள் பட்டினி. எனவே கடைக்குப் போகுமுன் வீட்டுக்கு ஒரு போன் போட்டு யார் எவ்வளவு எடுப்பது என்று பேசிக்கொள்ள வேண்டும். எந்த அறிவிப்புப் பலகையிலும் இதைப் பெரிய எழுத்தில் போட்டு நான் பார்த்ததில்லை. ‘மேரா ரேஷன்’ செயலியிலும் பாக்கியைப் பார்த்துக்கொள்ளலாம்.

மெஷின் இல்லை என்று சொல்ல இரண்டாவது காரணம் ஆதார். வாங்க வருபவரின் பெயர் அந்தக் கார்டில் இருக்க வேண்டும், அவர் ஆதார் அதில் இணைந்திருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் அப்பா வீட்டுக் கார்டில் இருப்பது சகஜம். பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் கார்டு கொடுத்த மாநிலத்தின் வேலை, திருப்பூர்க் கடையால் ஆகாது. தீபாவளிக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போகும்போது முடித்துக்கொண்டு வந்துவிட வேண்டும். மூன்றாவது காரணம் விரல். சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். வேறு விரல்களை வைத்துப் பார்க்கலாம், கருவிழி ஸ்கேனர் உள்ள கடையில் கண்ணைக் காட்டலாம்.

கிடைக்காதவற்றையும் சொல்லிவிட வேண்டும். வெளிமாநிலக் கார்டுக்கு மத்திய அரசின் தானியம் மட்டும்தான். 30 ரூபாய் துவரம் பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் தமிழ்நாடு அரசு தன் காசில் தன் கார்டுகளுக்குக் கொடுப்பவை. கைக்கு வருவதும் பெரும்பாலும் அரிசிதான், ரொட்டி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை உண்டு. தேனி, திருவாரூர்க்காரர்களுக்கு இந்த வருத்தம் இல்லை. தமிழ்நாட்டுக் கார்டுக்கு மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் பருப்பு, எண்ணெய் உட்பட வாங்கலாம். இங்கேயே தங்கிவிட்டவர்கள் முகவரியையே மாற்றிவிடுவது நல்லது.

அப்புறம், நம் ஆட்கள் வெளியே போகும் கதை. போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு மகாராஷ்டிரா வரை போகிறவர்கள் இருக்கிறார்கள், வாளையார் தாண்டிப் பாலக்காட்டில் குடும்பத்தோடு தங்கி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கிளம்பும் முன் ஸ்மார்ட் கார்டில் இருக்கும் ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். ‘பிஎச்எச்’ (PHH, முன்னுரிமை) அல்லது ‘பிஎச்எச்-ஏஏஒய்’ (PHH-AAY, அந்த்யோதயா) என்றிருந்தால் வெளிமாநிலத்தில் தானியம் உண்டு. ‘என்பிஎச்எச்’ (NPHH) என்று தொடங்கினால் கிடையாது. அது முன்னுரிமையற்ற கார்டு, அதற்கு வரும் அரிசி தமிழ்நாடு அரசு எல்லோருக்கும் ரேஷன் என்ற கொள்கையில் கொடுப்பது, எல்லையோடு நின்றுவிடும். இங்கே இரண்டு கார்டும் ஒரே வரிசையில் நின்று அரிசி வாங்குவதால் வித்தியாசம் நமக்குத் தெரிவதே இல்லை. பெங்களூரில் போய் நின்றால்தான் தெரிகிறது.

என் கணக்கில் பெரிய குறை வேறு. எத்தனை பேருக்கு உரிமை என்ற எண்ணிக்கை இன்னும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்தே நிற்கிறது. அதன்பின் பிறந்த குழந்தைகள் பலர் கார்டில் இடமில்லாமல் காத்திருக்கிறார்கள். கார்டே இல்லாதவனுக்கு எந்த ஊர்க் கடையும் ஒன்றுதான்.

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மூட்டைகள் அந்தக் கடையின் சொந்தக் கார்டுகளைக் கணக்கிட்டு வருபவை. வெளியூர்க் கார்டு பத்து வந்துவிட்டால் மாதக் கடைசியில் தெருக்காரர்களுக்குக் குறையுமோ என்று பயம். அந்தப் பயத்துக்காக, பாக்கி இருக்கும் ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியாது. அப்படி அனுப்பினால் 1967-க்கோ, இந்தத் திட்டத்துக்கென்றே உள்ள 14445-க்கோ போன் செய்யலாம். எழுத்தில் கொடுப்பதென்றால் மாவட்ட வருவாய் அலுவலர்தான் சட்டப்படி மாவட்டக் குறைதீர் அலுவலர்.

நாள் பார்த்தும் போக வேண்டும். வழக்கமாக மாதத்தின் முதல் இரண்டு வெள்ளிக்கிழமையும் கடைசி இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ரேஷன் கடைக்கு விடுமுறை. கம்பெனி ஆட்களுக்கு ஓய்வு ஞாயிறு மட்டும்தான் என்பதால், முதல் இரண்டு ஞாயிறை விட்டால் அரை நாள் லீவு போட்டுத்தான் போக வேண்டும். ஒடிசாத் தம்பி இப்போது முதல் சனிக்கிழமை ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டு, “அஞ்சு கிலோ இங்க, இருவது அங்க” என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கப் போகிறார்.