பாண் வான் எந்தப் பக்கம் திரும்பும்?

திருகோணமலை நகரில் ஒரு பேக்கரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடியப்புறம் நாலரைக்குப் பாண் சூட்டோடு வானில் ஏறுகிறது. வடக்கே உப்புவெளி, நிலாவெளி. தெற்கே சீனக்குடா, கிண்ணியா. மொத்தம் 12 கடைகள். எந்தக் கடைக்கு முதலில் போவது என்று சாரதியிடம் கேட்டால் சிரிப்பார். பத்து வருடமாக ஓடுகிற வழி அது.

கணினியிடம் கேட்டால் கதை வேறு. 12 கடைகளை 47 கோடியே 90 இலட்சம் விதமாக வரிசைப்படுத்தலாம். வினாடிக்கு 100 கோடி வரிசைகளைப் பார்க்கிற கணினிக்கு இது அரை வினாடி வேலை. ஆனால் கடைகள் 20 ஆனால் அதே கணினிக்கு ஏறத்தாழ 77 வருடம் வேண்டும். அதற்குள் பாண் என்னவாகும் என்பதை விட்டுவிடுவோம்.

ஆகவே யாரும் எல்லா வரிசைகளையும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1959இல் டான்சிக், ராம்சர் என்ற இருவர் இந்தச் சிக்கலைக் கணிதமாக எழுதியபோது எடுத்துக்கொண்டது பெற்றோல் லொறிகளை: ஒரு களஞ்சியம், பல நிரப்பு நிலையங்கள், எந்த லொறி எங்கே போவது? சீனக்குடாவின் பழைய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமான கேள்வி இல்லை. 1964இல் கிளார்க்கும் ரைட்டும் கொடுத்த விடை, கடைக்கணக்குப் போல அவ்வளவு எளிது.

உப்புவெளி 5 கி.மீ., அதே வீதியில் நிலாவெளி 15 கி.மீ., எதிர்ப்பக்கம் கிண்ணியா 20 கி.மீ. என்று சுமாராக வைப்போம். உப்புவெளிக்குத் தனியாகப் போய்வர 10, நிலாவெளிக்கு 30. ஆகமொத்தம் 40 கி.மீ. ஒரே ஓட்டத்தில் இரண்டையும் முடித்தால் 30. மிச்சம் 10. சரி, நிலாவெளியையும் கிண்ணியாவையும் சேர்த்தால்? தனித்தனியாக 70, சேர்த்தாலும் 70. மிச்சம் ஒன்றும் இல்லை. இப்படி ஒவ்வொரு சோடிக்கும் மிச்சத்தைக் கணக்கிட்டு, அதிக மிச்சம் தருவதிலிருந்து ஒவ்வொன்றாக, வானில் இடம் உள்ளவரை கோத்துக்கொண்டே போக வேண்டியதுதான். மிகச் சிறந்த வழி கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. நல்ல வழி கிடைக்கும், அதுவும் கண் இமைக்கும் நேரத்தில்.

அப்புறம் செப்பனிடுவது. வழியில் இரண்டு கடைகளை இடம் மாற்றிப் பார்த்து, குறைந்தால் வைத்துக்கொள்வது, கூடினால் விடுவது. இதில் ஒரு பொறி உண்டு: சில நேரம் கொஞ்சம் மோசமான வழிக்கு இறங்கினால்தான் அதைவிட நல்ல வழிக்கு ஏறமுடியும். உலோகத்தைச் சூடாக்கி மெல்ல ஆறவிடுவதைப் பார்த்து 1983இல் வந்த ஒரு முறை, ஆரம்பத்தில் மோசமான மாற்றங்களையும் இடைக்கிடை ஏற்றுக்கொண்டு, போகப் போகக் கறாராகிவிடும்.

இதுவரை சொன்னது தேடல். தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு நுழைவது கிலோமீற்றரை நிமிடமாக்கும் இடத்தில். 2009இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவுக்குப் 'பாதை'யில்தான் கடக்க வேண்டும். வாகனம் ஏற்றும் மிதவையைத்தான் நம் பக்கம் அப்படிச் சொல்வார்கள். தூரம் என்றும் அதேதான், காத்திருப்புத்தான் நாளுக்கு நாள் மாறும். இன்று பாலம் இருந்தாலும் வாடைக்கால மழை, பள்ளிக்கூடம் விடும் நேரம், வெள்ளிக்கிழமை மதியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். வானின் ஜிபிஎஸ் பதிவுகள் சில மாதம் சேர்ந்தால், இப்படியான நாட்களில் இந்தத் துண்டு வீதிக்கு எத்தனை நிமிடம் எடுத்தது என்பதை மென்பொருள் பழகிக்கொள்ளும். பதிவு இல்லாத கடைக்கு எந்த நுண்ணறிவும் உதவாது.

எத்தனை பாண் விற்கும் என்பதையும் அது இப்படியே ஊகிக்கும். ஆனால் ஊகம் வேறு, முடிவு வேறு. பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். ஒரு கடையில் சராசரியாக 40 பாண் விற்கும் என்று மென்பொருள் சொல்கிறது. 40 இறக்குவதா? ஒரு பாண் விற்றால் இலாபம் 10 ரூபா, விற்காமல் திரும்பினால் நட்டம் 30 ரூபா என்று வைப்போம். நாற்பதாவது பாண் விற்க வாய்ப்புப் பாதிக்குப் பாதி என்றால், அதனால் சராசரியாகப் பத்து ரூபா நட்டம்தான். விற்க 75 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருக்கிற பாணை மட்டும் இறக்குவதே கணக்கு. அப்படிப் பார்த்தால் 40 அல்ல, அதற்குக் கீழேயே நிற்க வேண்டும். பேக்கரி முதலாளி வாடிக்கையாளர் கைவிட்டுப் போவதையும் நட்டமாக எழுதினால் எண் மறுபடி ஏறும். அந்த நட்டத்துக்கு விலை போடுவது அவர் வேலை, கணினியின் வேலை இல்லை.

இனிச் சாரதியிடம் வருவோம். வான் வடக்கே போய்விட்டுத் தெற்கே போனாலும், தெற்கே போய்விட்டு வடக்கே போனாலும் ஓடும் தூரம் ஒன்றுதான். அவர் என்றைக்கும் கிண்ணியாப் பக்கமே திருப்புகிறார். சுபஹுத் தொழுகை முடிந்து வருபவர்கள் ஐந்தே காலுக்குத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குள் அங்கே பாண் இருக்க வேண்டும். அந்த ஐந்தே காலை யாராவது மென்பொருளில் எழுதிக் கொடுக்காத வரை, அதற்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.