பிளாஸ்டிக் பம்பரில் துரு வந்தது எப்படி?

வெள்ளை காரின் பின் பம்பரைக் காலை வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, ஆரஞ்சு நிறத்தில் புள்ளிகள் தெரிகின்றனவா? பம்பர் பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது. ஆக, அந்தத் துரு காருடையது இல்லை. வெளியிலிருந்து வந்து ஒட்டிய இரும்புத் தூளுடையது. பானெட்டில் இருக்கும் இதே புள்ளிகளைப் பார்த்து "பாடி துருப்பிடிச்சிருச்சு, ரீபெயின்ட் அடிக்கணும்" என்று யாராவது சொன்னால், பம்பரைக் காட்டுங்கள். உள்ளிருந்து வரும் துரு வேறு மாதிரி. கதவின் அடி ஓரம், வீல் ஆர்ச், கல்லடி பட்ட இடம் ஆகியவற்றில் பெயின்ட்டைக் கொப்புளமாக உப்ப வைத்துக்கொண்டு வரும். அது டிங்கரிங் வேலை.

தூள் பல இடங்களிலிருந்து வருகிறது. பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் கொஞ்சம் தேய்ந்து பறக்கிறது. ரயில் பாதை ஓரமாக நிறுத்தும் கார்களில் சக்கரமும் தண்டவாளமும் உரசிய தூள் படியும். ஆங்கிலத்தில் இதற்கு 'ரயில் டஸ்ட்' என்றே பெயர். ஆனால் நம் தெருக்களில் முதல் குற்றவாளி கிரில் பட்டறைதான். கிரைண்டிங் மெஷினிலிருந்து தெறிக்கும் பொறி ஒவ்வொன்றும் எரிந்துகொண்டே பறக்கும் இரும்புத் துணுக்கு. சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். பெயின்ட்டின் மேலடுக்கான கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான். தலைமுடியின் கனம்கூட இல்லை. சூடான துணுக்கு அதை உருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பிறகு பனியும் மழையும் பட்டு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருகி, தன் குழியைத் தானே பெரிதாக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதை வேகப்படுத்தும்.

கறுப்பு, நீல கார்களில் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. கழுவித் துடைத்தபின் மெல்லிய பாலித்தீன் கவருக்குள் கையை விட்டு பானெட்டை மெதுவாகத் தடவினால் உப்புத்தாள் மாதிரி நறநறக்கும்.

இந்த இரும்புத் தூளைக் கரைத்து எடுக்க, காரின் மேல் அடிக்கும் மருந்துதான் அயர்ன் ரிமூவர். அதன் முக்கியச் சரக்கு தயோகிளைக்கோலேட் உப்பு. பாட்டிலைத் திறந்ததும் பியூட்டி பார்லர் நெடி அடிக்கும். காரணம் உண்டு: முடி நீக்கும் கிரீமிலும், முடியைச் சுருட்டும் பெர்ம் லோஷனிலும் இருப்பது இதே குடும்பம்தான். இந்த மூலக்கூறின் ஒரு முனையில் கந்தகம், மறு முனையில் ஆக்சிஜன். இரண்டும் சேர்ந்து இரும்பு அயனியை நண்டு தன் கொடுக்கால் பிடிப்பதுபோலப் பிடிக்கின்றன. தண்ணீரில் கரையாத துரு, பிடிபட்டதும் கரையும் பொருளாகிவிடுகிறது. அப்போதுதான் மருந்து ஊதா நிறமாகி ஒழுகும். கூர்ந்து கவனித்தால், கொஞ்ச நேரத்தில் ஊதா வெளிறுவதையும் பார்க்கலாம். தயோகிளைக்கோலேட் இரும்பை நிறமற்ற வடிவத்துக்கு இறக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மறுபடி ஊதாவுக்கு ஏற்றும். இரண்டுக்கும் இழுபறி. துணுக்கின் நடுவில் இருக்கும் உலோக இரும்பு முழுக்கக் கரைவதில்லை. அதைப் பிடித்து வைத்திருக்கும் துரு கரைவதால் பிடி தளர்ந்து, தண்ணீரோடு போய்விடுகிறது.

பெரும்பாலான அயர்ன் ரிமூவர்கள் அமிலமும் காரமும் இல்லாத நடுநிலையை ஒட்டியவை என்பதால் நல்ல நிலையிலுள்ள கிளியர் கோட்டைத் தொடாது. டாய்லெட் கிளீனர் ஊற்றித் துரு எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவோடு நிற்காமல், பெயின்ட் உரிந்த ஓரங்களில் தகட்டையும் தின்னும். புளி பித்தளைக் குடத்துக்குச் சரி. காரில் தேய்த்தால் கோடுதான் மிஞ்சும்.

நிழலில் நிறுத்தி, பானெட் கையால் தொட்டுக் குளிர்ந்திருக்கும்போது ஆரம்பியுங்கள். ஷாம்பூ போட்டுக் கழுவி, தண்ணீரை வழித்துவிடுங்கள். ஈரம் தேங்கியிருந்தால் மருந்து நீர்த்துப்போகும். கையுறை கட்டாயம். ஒரு நேரத்தில் இரண்டு பேனல் மட்டும், கீழிருந்து மேலாக அடியுங்கள். சின்ன காருக்கு 200 மில்லி போதும். மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு, காய்வதற்குள் நிறையத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். அந்த நேரத்தில் துணியால் தேய்க்காதீர்கள். தளர்ந்த இரும்புத் துணுக்கு ஒவ்வொன்றும் கத்தி. புள்ளி மிச்சமிருந்தால் இன்னொரு முறை. மூன்று முறைக்கும் அசையாத புள்ளிகள் தார், மரப்பிசின், பக்கத்து வீட்டு பெயின்ட் துளி என வேறு எதுவாகவோ இருக்கலாம். ஊதா வராததால் மருந்து போலி என்று முடிவு கட்டவும் வேண்டாம். அங்கே கரைய இரும்பு இல்லாமல் இருக்கலாம்.

பெயின்ட்டில் ஒட்டிய மிச்சத் தூளை உரசி எடுக்கும் களிமண் மாதிரிக் கட்டியான கிளே பார் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றுவதுதான் பலர் செய்யும் தப்பு. முதலிலேயே கிளே போட்டால் துணுக்கின் தலை மட்டும் அறுபடும், வேர் உள்ளே இருக்கும். சில வாரத்தில் அதே இடத்தில் ஆரஞ்சு திரும்பும். அறுபட்ட தலை கிளேயில் புதைந்து அடுத்த பேனலெல்லாம் கோடு போடும். நாலில் ஒரு துண்டாகக் கிள்ளி, ஷாம்பூத் தண்ணீர் தாராளமாக விட்டு, அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். அடிக்கடி மடித்துப் புது முகம் எடுங்கள். கீழே விழுந்த கிளேயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கழுவினாலும் மண் போகாது.

மருந்து வெயிலில் காய்ந்தால் ஊதாக் கறை கிளியர் கோட்டில் பிடிக்கும். உடனே மறுபடி மருந்தடித்து நனைத்துக் கழுவினால் பெரும்பாலும் இளகும். பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக்கிலும் போர்ட்டிகோ டைல்ஸிலும் ஒழுகினால் உடனே கழுவுங்கள். புதிதாக ரீபெயின்ட் அடித்த பேனலில் இப்போதைக்கு வேண்டாம். பிளீச்சிங் பவுடர், அமிலக் கிளீனர் எதோடும் கலக்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

கிளே முடிந்ததும் பழைய வேக்ஸும் போயிருக்கும். அன்றே புது வேக்ஸ் அல்லது சீலன்ட் போடுங்கள். ஆழமாக உருகிய இடத்தில் துரு போனாலும் ஊசிக்குழி நிற்கும். பாலிஷ் போட்டு அதைச் சமமாக்கப் பார்த்தால் கிளியர் கோட்தான் காலியாகும், விட்டுவிடுவதே மேல்.

எதிர்வீட்டில் கேட் வெல்டிங் நடக்கிறது என்றால் காரை நகர்த்துங்கள். தூள் விழுந்துவிட்டதா? அன்று மாலையே பைப் தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள், ஒட்டாத தூள் போய்விடும். கழுவாமல் மேலே கவர் போட்டு மூடினால், உள்ளே தேங்கும் ஈரத்தில் ராத்திரியோடு ராத்திரியாகத் துரு தொடங்கிவிடும்.